முழுசாக ஒரு துண்டு

இரண்டாவது மீன் துண்டும் சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது. செக்கர் தட்டைக்கரண்டியை அடியில் விட்டு நெம்பினார். சதை கரண்டியோடு வந்தது. தோல் சட்டியோடு நின்றுவிட்டது.

"திருட்டுப் பய மீன்!" என்றார்.

ஐந்தில் இரண்டு போயிற்று. மிச்சம் மூன்று. அதில் ஒன்றாவது உடையாமல் வந்தால் பெண்டாட்டி வீட்டுக்கு வருவாள். இல்லாவிட்டால் வர மாட்டாள்.

செக்கர் என்பது பேரில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பார்த்த உத்தியோகம். உத்தியோகம் முடிந்து ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பார்வை போகவில்லை. கடைக்காரன் நிறுத்துக் கொடுத்ததை வீட்டில் மறுபடி நிறுப்பார். பெண்டாட்டி கதவைப் பூட்டினால் எழுந்து போய் இழுத்துப் பார்ப்பார். "பூட்டிட்டேன்னு சொன்னேனே" என்பாள். இழுத்துப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும்.

பதினேழு நாளுக்கு முன்னால் அவள் கருகிப் பிய்ந்த ஒரு துண்டை அவர் தட்டில் வைத்தாள். நாற்பது வருஷத்தில் அப்படி வைத்ததே இல்லை. செக்கர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"இதை எவன் மீன்னு சொல்வான்? ஒரு மீனை வறுக்குறதுக்குப் பெரிய படிப்பா படிக்கணும்?"

அவள் சண்டை போடவில்லை. பையை எடுத்தாள். "நீங்களே வறுங்க. ஒரே ஒரு துண்டு முழுசா கொண்டுவந்து காட்டிட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்." மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மூன்று நாள் வீம்பில் ஓடியது. அப்புறம் வீடு அவரைப் பார்த்து முறைக்க ஆரம்பித்தது. பழக்கத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டு, இரண்டையும் அவரே குடித்து, வயிறு எரிய உட்கார்ந்திருப்பார். கதவை இழுத்துப் பார்ப்பார். பூட்டித்தான் இருக்கும், அவர் பூட்டியதுதானே. "சொன்னேனே" என்று சொல்ல ஆளில்லாமல் இழுத்துப் பார்ப்பதில் ஒரு ருசியும் இல்லை.

புகை ஜன்னல் வழியே போனதும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, வீடு எரியுதா, இல்ல சமையலா?"

"மீன் வறுக்குறேன்."

"ஏன் இப்படிக் கொத்துறீங்க? போட்டா போட்டபடி விடுங்க. வெந்துட்டா அதுவே சட்டியை விட்டுரும்."

"அதுவா விடுமா? டிக்கெட் எடுக்காதவன் என்னைக்காவது தானா வந்து சொல்லியிருக்கானா?"

"மீன் என்ன உங்க பஸ்லயா வந்துச்சு?"

இவள் எதற்காக நமக்கு நல்லது சொல்கிறாள் என்று செக்கருக்குச் சந்தேகம். மூன்றாவது துண்டுக்கு எண்ணெயை இரண்டு மடங்கு ஊற்றி, கழுவிய துண்டை ஈரத்தோடு போட்டார். சட்டி வெடித்தது. முழங்கை வரை தெறித்தது. பயந்துபோய் அடுப்பைக் குறைத்தார். குறைத்ததில் மீன் வறுபடாமல் எண்ணெயில் குளித்துக்கொண்டு கிடந்தது. வெந்ததா, வெந்ததா என்று அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஆறாவது தரம் தூக்குவதற்கு ஓரமே இல்லை.

"பார்த்தீங்களா?"

"நீ பேச்சுக் கொடுத்ததாலதான்!"

நாலாவதுக்கு இரண்டு கரண்டி. இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்கித் திருப்பினார். அழகாகத்தான் திரும்பியது. விழுந்த இடம் மட்டும் சட்டி இல்லை, தரை.

மிச்சம் ஒன்று.

செக்கர் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே குந்தினார். "தங்கச்சி," என்றார், குரல் இறங்கிப்போய். "இதுவும் போச்சுன்னா அவ வர மாட்டா."

தையல்காரம்மா சிரிப்பை நிறுத்தினாள். உள்ளே வந்து சட்டியைச் சுரண்டித் தேய்க்க வைத்தாள். துண்டைத் துணியால் ஈரம் போக ஒற்றச் சொன்னாள். எண்ணெய் நன்றாகக் காயும்வரை நிற்கவைத்தாள். துண்டு சட்டியில் விழுந்ததும், "இப்ப ரெண்டு கையையும் பின்னால கட்டுங்க" என்றாள்.

கட்டினார்.

"கருகுது."

"கருகலை."

"நீ பார்த்தியா?"

"பார்க்காமலே தெரியும்ணே."

பார்க்காமலே தெரியுமாம். இப்படியும் ஜனங்கள் உலகத்தில் உயிரோடு இருக்கிறார்கள். செக்கருக்கு வியர்த்து ஊற்றியது.

"இப்ப எடுங்க."

கரண்டியை விட்டார். துண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. பொன் நிறம். மறுபக்கமும் அப்படியே. ஒரு கீறல் இல்லை.

"நீ சொல்லித்தான் வந்துச்சுன்னு அவகிட்ட உளறிராத."

"கரண்டி உங்க கையிலதானே இருந்துச்சு. போங்கண்ணே."

மீனை வைத்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். முதல் நிறுத்தத்தில் திறந்து பார்த்தார். முழுசாக இருந்தது. பஸ் குலுங்கியது, திறந்தார், இருந்தது. பக்கத்து ஆள் மோப்பம் பிடிப்பதுபோலப் பட்டது, மறுபடி திறந்தார். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. மேல்பக்கத்தை மட்டும் பார்த்து என்ன பிரயோஜனம்? அடிப்பக்கம்? விரலை விட்டு லேசாகத் தூக்கினார்.

மூன்றாகப் பிளந்தது.

மகள் வீட்டில் பெண்டாட்டிதான் கதவைத் திறந்தாள். பதினேழு நாளில் கொஞ்சம் இளைத்தமாதிரி இருந்தாள். அப்படி இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசையோ என்னவோ. டப்பாவை நீட்டினார்.

"முழுசாத்தான் இருந்துச்சு. நான்தான் தொட்டுப் பார்த்துட்டேன்."

அவள் திறந்து, ஒரு சில்லை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"உப்பே போடலை."

செக்கர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அவளோ விறுவிறுவென்று உள்ளே போய், பையை இழுத்துவைத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

மகள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். செக்கர் அவள் காதருகே போய்க் கிசுகிசுத்தார்.

"என்னம்மா இது? துண்டுதான் முழுசா இல்லையே. அப்புறம் எதுக்குப் பையைக் கட்டுறா?"

"அம்மாவுக்கு மட்டும் முழுசாவா வரும்? அஞ்சுல ஒண்ணு தேறும், அது உங்க தட்டுக்குப் போயிரும், உடைசலைத் தின்னுதான் நாங்கல்லாம் வளர்ந்தோம். அன்னைக்கு அந்த ஒண்ணும் தேறலைப்பா."