எண்கள் மட்டும் போதும்

மூன்றாவது வரியிலேயே கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. கரடியின் எடை இருக்க வேண்டிய கட்டத்தில் 'மாட்டேங்குது' என்று இருந்தது.

மிருகக்காட்சிசாலை அலுவலகத்தில் புரோகிராம் எழுதச் சேர்ந்து மூன்றே வாரமான அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பும் வந்தது, குறுகுறுப்பும் வந்தது. எது மாட்டேங்குது? ஏன் மாட்டேங்குது? யாரையாவது கேட்கலாம் என்றால் நேரமில்லை. கரடிக்கு இனி எவ்வளவு சாப்பாடு என்று முடிவு செய்ய, மிருக டாக்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, ஆச்சா?"

"எண்ணுக்கு நடுவுல எழுத்து வருது சார். எழுத்து வந்தா பூஜ்யம்னு எடுத்துக்கச் சொல்லிடறேன்."

சொன்னாள். கம்ப்யூட்டரும் சமர்த்தாக முழுக் கோப்பையும் படித்து, எடை ஏறி இறங்குவதைக் கோடு போட்டுக் காட்டியது. கரடி மூன்று நாளுக்கு ஒருமுறை எடையே இல்லாமல் இருந்திருக்கிறது. சராசரி ஐம்பத்து நாலு கிலோ.

டாக்டர் பதறிப்போனார். "அடப்பாவமே, எலும்பும் தோலுமா ஆயிடுச்சே! சாப்பாட்டை ரெண்டு மடங்காக்கணும்!"

"இருங்க சார், ஒருதரம் நேர்ல பாத்துட்டு..."

"அதுக்கு இருக்கிற முடிக்குள்ள குண்டா ஒல்லியான்னு யாரு கண்டா? எண்தாம்மா பேசணும்."

அவள் எழுத்தை அழித்தாள். காலியான இடத்தில், பக்கத்துக் கட்டத்துத் தேதி நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது கரடி மூன்றாம் தேதி மூன்று கிலோ, ஆறாம் தேதி ஆறு கிலோ.

"மூணு கிலோன்னா அது பூனைம்மா!"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுத்து என்று எங்கெல்லாம் இருந்ததோ அத்தனையையும் விலக்கினாள். 'மாட்டேங்குது' வரிகளோடு, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நீளநீளமாக ஏதோ எழுதியிருந்த குறிப்புகளும் போயின. எண்கள் மட்டும் மிஞ்சின. எழுபத்தெட்டில் தொடங்கி எண்பத்தாறில் முடியும் அழகான கோடு.

"ரெண்டு மாசத்துல எட்டு கிலோவா! நாளையிலேருந்து பாதிச் சாப்பாடு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் எழுந்து போனார்.

வேலை முடிந்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. கரடி பாவமாக இருந்தது. தவிர, அந்தக் கோட்டில் ஒன்று உறுத்தியது. திங்கட்கிழமைகளில் மட்டும் எடை ஒரு கிலோ எகிறுகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்படி என்னதான் நடக்கிறது? கோடு அச்சான காகிதத்தை எடுத்துக்கொண்டு கூண்டுக்கே போனாள்.

கரடி மூலையில் சுருண்டு தூங்கியது. அதைப் பார்த்துக்கொள்ளும் கரடியண்ணன், அவருக்கு அங்கே அதுதான் பெயர், தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை யாராவது இதுக்குத் தனியா ஏதாவது போடறாங்களா? உண்மையைச் சொல்லுங்க. எடை ஏறிப்போச்சுன்னு நாளையிலேருந்து பாதிச் சாப்பாடுதான்."

பிரஷ் தொட்டிக்குள் விழுந்தது. "ஐயையோ! அது எடை மெஷின்ல ஏறவே மாட்டேங்குதே தங்கச்சி!"

"அப்ப இந்த எண்ணெல்லாம்?"

"தினமும் 'மாட்டேங்குது'ன்னே எழுதினா, எண் எங்கேன்னு ஆபீஸ்ல திட்டறாங்களே! மெஷின் சரியா இருக்கான்னு நான் ஏறிப் பாத்த எடைன்னு பக்கத்துலயே குறிப்பு எழுதியிருக்கேன்ல? ஞாயித்துக்கிழமை எனக்கு மாமியார் வீட்டுச் சாப்பாடு. குறைக்கிறதுன்னா அதைக் குறைக்கச் சொல்லுங்க, இந்த வாயில்லா ஜீவனை விட்டுடுங்க!"