மாமி கட்டையை எடுத்த நாள்

பயந்தவன் ஆபத்தில் மாட்டமாட்டான் என்று பலர் நம்புகிறார்கள். நானும் இளம் வயதில் அப்படி நம்பி நிம்மதியாக இருந்தவன்தான். பிறகுதான் விஷயம் விளங்கியது. துணிந்தவனிடம் போய் "இதில் ஏறி இரு" என்றால், "ஏலாது, எனக்கு விருப்பமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவான். பயந்தவனுக்கு அப்படிச் சொல்லவும் பயம். அதனால் பேசாமல் ஏறி இருந்துவிடுவான்.

நான் ஏறி இருந்தது ஒரு விமானத்தில். (சிரிக்க வேண்டாம். அது வீட்டில் செய்த விமானம். இனிச் சிரிக்கலாம்.)

எழுபதுகளின் கடைசி. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, கடைகளில் ஜப்பான் ரேடியோக்கள் பாடத் தொடங்கியிருந்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தேன். அப்போதைய என் உடம்பைப் பற்றிச் சொல்வதானால், நான் சாரத்தைக் கட்டியிருக்கிறேனா சாரம் என்னைக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். நாய், இடி, தந்திக்காரன், பெரிய கிளாக்கர் எல்லாவற்றுக்கும் பயம். இவை எல்லாவற்றையும் விட மாமியைக் கண்டால் பயம்.

மாமி பாலையூற்றில் இருந்தார். தூரத்துச் சொந்தம். அவருடைய மகள் தவமணியை எனக்குக் கேட்டு எங்கள் வீட்டார் போய் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாமி ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. காரணம் சுற்றிவளைத்து என் காதுக்கு வந்து சேர்ந்தது. "பெடியன் நல்லவன்தான். ஆனா வாய் துறக்கிறானில்லை. மனசுக்குள்ள என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று மாமி சொன்னாராம்.

நியாயமான குற்றச்சாட்டு. அந்த மனசுக்குள் தவமணியைத் தவிர வேறொன்றும் கிடக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் மாமியைக் கண்டதும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "இருங்கோ தம்பி" என்பார், இருப்பேன். "போட்டு வாறீங்களோ" என்பார், எழும்பிப் போய்விடுவேன்.

இந்த நிலையில்தான் தவமணியின் தமையன் குணம் மச்சான் ஊருக்கு வந்தார். வெளிநாட்டுக் கப்பல்களில் எஞ்சினியராக ஓடினவர். அவர் வருவதற்கு முன்பே அவருடைய பெட்டிகள் துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டன. அவற்றை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. உள்ளே என்ன என்று சுங்கத்தில் கேட்டார்கள். விமானம் என்றேன். அதிகாரி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவரும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

அலுமினியக் குழாய்கள், கம்பி வடங்கள், செட்டைக்குப் போர்க்கும் சீலை, தண்ணீர் இறைக்கும் மெஷினைப் போல ஒரு சின்ன எஞ்சின், உருண்டோட மூன்று சில்லு. இவற்றையெல்லாம் பூட்டினால் ஒரு ஆள் பறக்கலாமாம். பூட்டும் முறையைச் சொல்ல ஒரு தடித்த இங்கிலிஷ் புத்தகம். மச்சானுக்கு இரண்டு கையிலும் எண்ணெய், பக்கம் புரட்ட ஏலாது. அதனால் பின்னேரங்களில் கந்தோர் முடிந்து வந்து புத்தகத்தை உரத்து வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை ஆயிற்று. மாமி வீட்டு முன்விறாந்தையில் நான், முற்றத்தில் மச்சான், குசினி வாசலில் தவமணி. காதலிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசிக்கவில்லை.

பக்கத்துக்குப் பக்கம் கறுப்புக் கட்டம் போட்டு ஓர் எச்சரிக்கை. இந்தப் பூட்டாணி இளகினால் மரணம் நேரலாம். இந்த வடம் தேய்ந்தால் மரணம் நேரலாம். இந்த எச்சரிக்கையை வாசிக்காமல் அடுத்த பக்கம் போனால் மரணம் நேரலாம். ஒன்றும் விடாமல் நான் வாசிப்பேன்.

"கட்டத்துக்குள்ள இருக்கிறதை விடுங்கோ. கீழ இருந்து வாசியுங்கோ" என்பார் மச்சான்.

(அதாவது, சாவை விட்டுவிட்டு மற்றதை வாசி.)

அப்படி மாதக்கணக்கில் தவமணியின் காதில் நான் போட்ட வார்த்தைகளில் அதிகம் வந்தது மரணம் என்ற வார்த்தைதான். அவள் ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது மெதுவாகக் கேட்டாள், உங்களுக்குப் பயமில்லையா என்று. இல்லை என்றேன். தேத்தண்ணிக் கோப்பை என் கையில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

விமானம் உருவாகி முடிந்தது. பறக்க அனுமதி கேட்டு மச்சான் கொழும்புக்கு எழுதியிருந்தார், பதில் வரவில்லை. அதுவரை எஞ்சினை மட்டும் ஒருதரம் ஓட்டிப் பார்ப்போம், நிலத்தில் நிற்கிறபடியே, என்றார். செட்டைகளைப் பூட்டினால் வளவுக்குள் அடங்காது என்பதால் சல்லிக் கடற்கரைக்குக் கொண்டுபோவதாக முடிவாயிற்று. எஞ்சின் ஆசனத்துக்குப் பின்னால் இருந்தது. மச்சான் பின்னால் நின்று கயிறை இழுத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டு வாலைப் பிடித்துக்கொள்வார். முன்னால் இருந்து எஞ்சினைக் கூட்டிக் குறைக்க ஒருவர் வேண்டும். நிறை குறைந்த ஆளாக இருந்தால் நல்லது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமியும் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

ஹனிபா நானாவின் லொறியில் விமானத்தை ஏற்றிக்கொண்டு போனோம். கிண்ணியாக்காரர், நெல்லு மூட்டை ஏற்றிப் பழகினவர். முன்சீற்றில் என்னை இருத்திக்கொண்டு, வழிநெடுக என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில், "ஏறுறதைப் பற்றிப் புத்தகத்தில கிடக்கெண்டு சொன்னீங்க. இறங்குறதைப் பற்றியும் கிடக்கா தம்பி?" என்று கேட்டார். இறங்குகிற அத்தியாயத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை.

சல்லியில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சத் தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரமணல் இறுகிக் கிடந்த இடத்தில் விமானத்தை நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னால் மச்சான் பெரிய மரக்கட்டைகளை அண்டைகொடுத்தார். என்னை ஆசனத்தில் இருத்திப் பட்டியால் கட்டினார்கள். எனக்கு முன்னால் ஒன்றுமில்லை, வெறும் ஆகாயம். கால் இரண்டும் ஒரு குழாயில் தொங்கின. நான் எனக்குத் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டு, தெரியாதவர்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

அப்போது மாமி வந்தார், கையில் தேசிக்காய்களோடு, பின்னால் தவமணியோடு.

புது வாகனம் முதன்முதல் ஓடும்போது சில்லுக்குக் கீழே தேசிக்காய் (எலுமிச்சங்காய்) வைப்பது எங்கள் வழக்கம். சைக்கிளுக்கும் வைப்போம், உழவு மெஷினுக்கும் வைப்போம். சில்லு ஏறி அது நசிய வேண்டும், நசிந்தால் கண்ணூறு கழிந்துவிடும். மாமி குனிந்து ஒவ்வொரு சில்லுக்கும் ஒன்று வைத்தார். பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, கட்டைகளைப் பார்த்தார். கட்டை தடுத்தால் சில்லு எப்படி உருளும், தேசிக்காய் எப்படி நசியும் என்று அவர் யோசிப்பது எனக்கு விளங்கியது. மச்சான் பின்னால் எஞ்சினோடு நின்றார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமி கட்டையை ஒவ்வொன்றாக இழுத்து எறிந்தார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மாமி, கட்டையை எடுக்காதேங்கோ' என்று சொன்னால் போதும். ஆனால் என் கல்யாணத்தைக் கையில் வைத்திருக்கிற மனிசியிடம், அதுவும் சாமி காரியத்தில், எப்படிக் குறுக்கே பேசுவது? வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மாமி என்னைப் பார்த்து, "பயப்பிடாதேங்கோ தம்பி, தேசிக்காய் வைச்சாச்சு" என்றார்.

எஞ்சின் பிடித்தது. முதுகுக்குப் பின்னால் ஆயிரம் குளவி கிளம்பியது போல ஒரு சத்தம். மச்சான் வாலைப் பிடித்துக்கொண்டு கூட்டச் சொல்லிக் கத்தினார். (சொன்னதைச் செய்வது எனக்கு நோய்.) கூட்டினேன். தேசிக்காய்கள் நசிந்தன. அந்த மணம் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. வால் மச்சானின் கையிலிருந்து வழுக்க, அவர் மணலில் முகங்குப்புற விழுந்தாராம். நான் அதைப் பார்க்கவில்லை. நான் போய்க்கொண்டிருந்தேன்.

பயந்த மனிதன் கையில் அகப்பட்டதை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொள்வான். என் கையில் அகப்பட்டது விமானத்தைத் திருப்புகிற தடி. அதைத் தன் பக்கம் இழுத்தால் விமானம் எழும்பும் என்று நான்தான் மச்சானுக்கு வாசித்துச் சொன்னவன். கரைவலைக்காரர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடுவது தெரிந்தது. மறுநிமிடம் அவர்களுடைய தலைகள் எனக்குக் கீழே இருந்தன. அரைத் தென்னை உயரம் என்று பிறகு மச்சான் கணக்குச் சொன்னார். என்னைக் கேட்டால் கோணேசர் மலைக்கு மேலே நின்றேன் என்றுதான் சொல்வேன். கீழே மணல் முடிந்து தண்ணீர் தொடங்கியது. செத்தேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அந்த அளவு தெளிவு என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

திடீரென்று எஞ்சின் நின்றது. சோதனைக்குத்தானே என்று மச்சான் ஒரு சோடாப் போத்தல் அளவுதான் பெற்றோல் விட்டிருந்தார். இரைச்சல் அடங்கிய பிறகுதான் எனக்கே கேட்டது, நான் இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன் என்று. இப்போது கரை முழுவதும் கேட்டது.

"மாமி, எனக்குப் பயமாக் கிடக்கு. கட்டையை எடுக்காதேங்கோ எண்டு சொல்ல வந்தனான், பயத்தில சொல்லேல்ல. உங்களைக் கண்டாலும் பயம் மாமி. தவமணியைக் கட்ட விருப்பம் மாமி."

ஒரு வருடமாகச் சொல்லாததை எல்லாம் இறங்கி முடிவதற்குள் சொல்லிவிட்டேன். காற்றில் மிதந்து மிதந்து விமானம் வலை வளைத்திருந்த தண்ணீருக்குள் போய்ப் படுத்தது. நான் பட்டியைக் கழற்றிக்கொண்டு, மூழ்குகிறேன் மூழ்குகிறேன் என்று கையைக் காலை அடித்தேன். நீந்தி வந்த வலைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, "எழும்பி நில்லுங்கோ தம்பி" என்றார். எழும்பி நின்றேன். தண்ணீர் இடுப்பளவு.

கீரிமீனோடு என்னையும் விமானத்தையும் கரைக்கு இழுத்தார்கள். செட்டை முறிந்து, சீலை கிழிந்து தொங்கியது. மச்சான் அதன் பக்கத்தில் மணலில் இருந்தார். மாதக்கணக்கான உழைப்பு. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சில்லு நிலத்தை விட்டதோ?" ஓம் என்றேன். மனிதர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

மாமி முந்தானையால் என் தலையைத் துவட்டினார். தேசிக்காய் வைத்தபடியால்தான் பிள்ளை தப்பினான் என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார். கட்டையைப் பற்றி யாரும் கேட்கத் துணியவில்லை. பிறகு மகளிடம் திரும்பி, "இப்பத்தான் வாய் துறந்திருக்கு. திரும்ப மூடுறதுக்கு முன்னம் கலியாணத்துக்கு நாள் பாப்பம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. தவமணிக்கு மட்டும் இன்றுவரை ஒரு மனக்குறை. சாகிற நேரத்தில் மனிசன் என்னைக் கூப்பிடவில்லை, அம்மாவைத்தான் கூப்பிட்டவர் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வாள். எங்கள் வீட்டில் யாருக்குச் சோதனை வந்தாலும், பல்லுப் பிடுங்கப் போனாலும், "மாமி, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று கத்திவிட்டுத்தான் போவார்கள். அவரை அம்மம்மா என்று கூப்பிட வேண்டிய என் பிள்ளைகளும் அந்த நேரத்தில் மாமி என்றே கத்துவார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு மாமிக்கு வயிற்றில் ஒப்பரேஷன். தள்ளுவண்டியில் படுக்கவைத்திருந்தார்கள். அன்றைக்கு ஒருவரும் பகிடி விடவில்லை. அட்டெண்டன் குனிந்து சில்லுப் பூட்டை விடுவித்தான். வண்டி மெல்ல அசைந்தது. மாமி என் கையைப் பிடித்தார்.

"கட்டையை எடுத்திட்டாங்கள் மருமோன்" என்றார். பிறகு, வார்ட் முழுவதும் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், "எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார்.

தாதி அதட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். தவமணி கைப்பையைத் திறந்து ஒரு தேசிக்காயை எடுத்து, ஒருவருக்கும் தெரியாமல் சில்லுக்கு முன்னால் உருட்டிவிட்டாள்.