பின்தொடர்ந்த பஸ்ஸில் பிள்ளை இல்லை

பெற்ற பிள்ளையை ஒளித்திருந்து பின்தொடரும் தகப்பன்மார் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். நான் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன், என் ஐம்பத்துநாலாவது வயதில் (அறிவு வந்திருக்க வேண்டிய வயதுதான்), மகளுக்குக் காவலாக ஐந்து நாள் பாலைவனத்தில் பஸ்ஸில் போனேன். எல்லாம் திட்டப்படி நடந்தது. அந்தப் பஸ்ஸில் மகள் இருக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

மதுரா பார்மசி படித்து முடித்திருந்த நேரம் அது. கையில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று பக்கத்து ஊரான லிட்கமில், கிரவீனில் உள்ள எங்கள் வீட்டிலிருந்தே போய் வரலாம். மற்றது தூரத்து மெல்பேர்னில், நோபல் பார்க்கில். எதை எடுப்பது என்று முடிவெடுக்க முன் தனியாக ஒரு சுற்றுலா போகப்போவதாக ஒரு சனிக்கிழமை குசினியில் வைத்து அறிவித்தாள். பாலைவனத்து நடுவில் இருக்கும் அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஐந்து நாள். முதுகில் பையைக் கொழுவிக்கொண்டு உலகம் சுற்றுகிற இளசுகள் போகும் பஸ். கூடாரம்கூடக் கிடையாதாம், வெட்டவெளியில் படுக்கையாம்.

"ஆரோட போறாய்?" என்றேன்.

"ஒருத்தரோடயும் இல்லை. ஐ'ல் பி ஃபைன், அப்பா."

"பஸ்ஸில ஆர் ஆர் வருவினம்?"

"தெரியாது. அதுதானே சந்தோசம்."

யார் வருவார்கள் என்று தெரியாமல் பஸ் ஏறுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பஸ் கன்பராவுக்குப் பூப் பார்க்கப் போனாலும், ஏறுகிறவர்களின் ஊர், வேலை, மூத்த பிள்ளையின் மார்க்ஸ் எல்லாம் முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நான் மனைவி பவானியைப் பார்த்தேன். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள்.

மதுராவுக்கு என் சரித்திரம் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு அவள் முதல்நாள் ரயிலில் போனபோது அடுத்த பெட்டியில் இருந்தது நான். பள்ளிக்கூட முகாமுக்குப் பக்கத்தில் ஒரே நாளில் மூன்று முறை பெட்ரோல் அடித்ததும் நான்.

"அப்பா, இந்த முறையும் பின்னால வந்தீங்களெண்டால் நான் மெல்பேர்ன் வேலையைத்தான் எடுப்பன். சும்மா சொல்லேல்லை."

"சீச்சீ, நான் ஏன் வாறன்?" என்றேன். அன்று பின்னேரமே பிரின்டரில் கிடந்த அவளுடைய பதிவைப் பார்த்து, அதே கம்பனியில் அதே நாளுக்கு எனக்கும் ஓர் இடம் எடுத்துவிட்டேன். வயதெல்லை உண்டா என்று தொலைபேசியில் கேட்டேன். மனது இளமையாக இருந்தால் போதும் என்று அந்தப் பிள்ளை சிரித்தது.

அகப்பட மாட்டேன் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. வெள்ளைக்காரக் குடும்பம் என்றால் தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே குடும்பப் பெயர், பட்டியலைப் பார்த்த உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். எங்களுக்கு அந்த வில்லங்கம் இல்லை. என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர், அவள் பெயருக்குப் பின்னால் என் பெயர். நான் திருநாவுக்கரசு கதிரேசு, அவள் மதுரா திருநாவுக்கரசு. இரண்டு குடும்பப் பெயர், இரண்டு அந்நியர்! நம் முன்னோரின் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

பவானியிடம், நோபல் பார்க்கில் இருக்கும் என் தங்கை சாந்திக்கு வேலி அடைத்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னேன். அவள் மாத்திரைப் பெட்டியை எடுத்துத் தந்தாள்.

மதுரா ஒரு நாள் முந்தியே போய், பஸ் புறப்படும் பயணிகள் ஹொஸ்டலில் தங்கினாள். நான் மறுநாள் பறந்து, எதிரே ஒரு மோட்டலில் திரையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தேன். விடியற்காலை ஹொஸ்டல் வாசலில் பஸ் நின்றது. அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் பவானியின் மப்ளர் சகிதம் முதல் ஆளாக ஏறி, கடைசி இருக்கையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டேன். (அந்த வெளிச்சத்தில் ஆந்தைகூடப் பேப்பர் படிக்காது.) கூட்டம் ஏறியது. குளிருக்கு எல்லோரும் தலைக்கு மூடி வைத்த சட்டை போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் யன்னலோரம், நீல மூடிக்குள் முகத்தைப் புதைத்து நித்திரைகொண்ட உருவத்தைக் கண்டதும் நெஞ்சு குளிர்ந்தது. அதே தோள், அதே சோம்பல். என் பிள்ளை.

இரண்டு மணித்தியாலம் அந்த நீல மூடியை இமைகொட்டாமல் காவல் காத்தேன். பக்கத்தில் ஒரு நெட்டைப் பொடியன். அவன் மெல்லச் சரிந்து என் பிள்ளையின் தோளில் தலை வைத்தான். இரத்தம் கொதித்தது. இரண்டு தரம் எழும்பி, இரண்டு தரமும் மெல்பேர்னை நினைத்து உட்கார்ந்தேன்.

தேநீருக்குப் பஸ் நின்றது. நீல மூடி எழும்பிச் சோம்பல் முறித்து மூடியைக் கழற்றியது. உள்ளே நெஞ்சுவரை தாடி வைத்த ஒரு பிரெஞ்சுக்காரர்.

அதன் பிறகு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்களை மூன்று தரம் எண்ணினேன். கழிவறை வாசலில் நின்று வெளியே வந்த எல்லோரையும் உற்றுப் பார்த்ததில் எனக்கு ஒரு கெட்ட பெயர்தான் மிச்சம். போனில் சிக்னல் இல்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது? நித்திரை முறியாமல் ஹொஸ்டலில் கிடக்கிறாளா? காய்ச்சலா? கேட்டால் குட்டு உடையும், கேட்காவிட்டால் நெஞ்சு வெடிக்கும்.

பஸ்ஸை ஓட்டியதும் வழிகாட்டியதும் ட்ரேசி என்ற பெண். என் பெயரைச் சுருக்கி 'திரு' என்று கூப்பிட்டாள். (தன்னை அறியாமல் அவ்வளவு மரியாதை.) மெல்லக் கேட்டேன்: "எல்லோரும் ஏறிவிட்டார்களா?"

"எல்லோரும் பத்திரம், திரு. இன்றைக்கு இரண்டு பஸ். மற்றது இதே வட்டத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது" என்றாள். பிறகு, "காலை மாத்திரை போட்டாயா?" என்று கேட்டாள்.

போட்டேன் என்று தலையாட்டிவிட்டுத்தான் யோசித்தேன். நான் மாத்திரை போடுவது இவளுக்கு எப்படித் தெரியும்? தேநீர் வந்தது. சீனி இல்லை. என் சீனி வருத்தத்தை இந்தச் செம்மண் காட்டுக்கு யார் சொன்னது?

பிள்ளை எதிர்ப்பக்கம் சுற்றுகிறாள். காவல்காரன் இந்தப் பக்கம். இறங்கித் திரும்பலாம் என்றால், நாள் முழுக்க ஓடினாலும் ஒரு வீடு தென்படாத இடம். எங்கே பார்த்தாலும் சிவப்பு மண், நடுவில் கோடு போட்டது போல ரோட்டு. போகிறோமா வருகிறோமா என்றே தெரியவில்லை. இரவானால் எல்லோரும் 'ஸ்வாக்' என்கிற கன்வாஸ் உறைக்குள் புகுந்து சிப்பை இழுத்துக்கொள்வார்கள். நான் இழுத்த சிப் மூன்றாம் நாள் காலை திறக்கவில்லை. சுவீடன் பிள்ளைகள் இரண்டு பேர் காலைப் பிடித்து இழுக்க, நான் உறையோடு செம்மண்ணில் உருண்டேன். எழும்பி நின்றபோது ட்ரேசி தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். "மாத்திரை, திரு?"

அன்று மத்தியானம் ஒரு ரோட்டுக்கடையில் காசு போட்டுப் பேசும் பழைய தொலைபேசியைக் கண்டேன். வீட்டுக்கு அடித்தேன்.

"வேலி எப்பிடிப் போகுது?" என்றாள் பவானி.

"பாதி முடிஞ்சுது. சாந்தி நல்லா உபசரிக்கிறாள்."

"அப்பிடியே? சாந்தி இஞ்ச என்ர குசினியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறா. முந்தநாள் வந்தவ. கதைக்கிறியளே?"

கதிரை இழுபடும் சத்தமும் தங்கையின் சிரிப்பும் கேட்டன. மானம் போனால் போகட்டும் என்று, "பிள்ளை கதைச்சவளோ?" என்றேன்.

"ஓம், காலமை எடுத்தவள். நல்ல சந்தோசமா இருக்கிறாள். உங்களைத்தான் விசாரிச்சவள்." பிறகு கேட்டாள்: "மாத்திரை போட்டனீங்களோ?"

என்னை ஏன் மதுரா விசாரிக்க வேண்டும்? அவளைப் பொறுத்தவரை நான் நோபல் பார்க்கில் அல்லவா இருக்கிறேன்? மிச்ச இரண்டு நாளும் இதே கேள்விதான். பெரிய பாறையைச் சுற்றி நடந்தோம், பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கணக்கு வாத்தியார் முன்னால் நிற்பவன் மாதிரி முழித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் பஸ் ஹொஸ்டலுக்குத் திரும்பியது. மதிலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டிருந்தாள் மதுரா. வெயிலில் கறுத்து, முழங்காலில் ஒரு பிளாஸ்டர், வேறு பழுதில்லை. தொப்பி, கண்ணாடி, மப்ளரோடு இறங்கினேன்.

"வேலி அடைச்சு முடிஞ்சுதே, அப்பா?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. மதிலில் அவளுக்குப் பக்கத்தில் ஏறி இருந்தேன். "எப்பிடிக் கண்டுபிடிச்சனி?"

"முதல்நாளே ரெண்டு பஸ்ஸின்ர லிஸ்டும் ஹொஸ்டல் போர்டில போட்டவை. உங்கட பேரும் என்ர பேரும் கீழை மேலை."

"ரெண்டும் வேற வேற குடும்பப் பெயரல்லோ?"

"அப்பா! திருநாவுக்கரசு எண்டதை நான் பாலர் வகுப்பில இருந்து ஒவ்வொரு டீச்சருக்கும் எழுத்துக்கூட்டிச் சொல்லி வாறன். இந்த நாட்டில அந்தப் பேரை என்னை மாதிரி ஆருக்குத் தெரியும்?" என்றாள். "மற்ற பஸ்ஸுக்கு மாறினனான். ட்ரேசிட்ட உங்கட மாத்திரையையும் சீனியையும் சொல்லிப்போட்டுத்தான் போனனான். முதல்நாள் எனக்கும் பயமாத்தான் இருந்தது."

"தனியப் போகவோ?"

"இல்லை. நீங்கள் தனியப் போறியள் எண்டு."

சொன்னபடியே நோபல் பார்க் வேலையை எடுத்தாள். அவள் கோபத்தோடு போகவில்லை, ஆனால் போய்விட்டாள். மூன்று மாதம் அவளுடைய அறைப் பக்கம் நான் போகவில்லை. இப்போதெல்லாம் நான் கடைக்குப் போக வெளிக்கிட்டாலும் பவானி குசினியிலிருந்து கேட்பாள்: "எந்தப் பஸ்?"

போன மாதம் மெல்பேர்ன் போயிருந்தோம். மதுராவின் ஃபிரிட்ஜ் கதவில் அந்தச் சுற்றுலாப் பஸ்ஸின் பட்டியலைக் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். ட்ரேசி கொடுத்ததாம். வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக் கதை சொல்வாளாம். மதுரா திருநாவுக்கரசு என்ற பெயரின் மேல் ஒரு கோடு. அதற்குக் கீழே என் பெயர். பக்கத்தில் அவளுடைய கையெழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி: காலையில் மாத்திரை, தேநீருக்குச் சீனி வேண்டாம். இவர் என்னுடைய அப்பா, தயவுசெய்து கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்.