பெயிலாகப் படிச்ச இண்டர்வியூ

எப்படியாச்சும் பெயிலாகணும். இதான் என் முடிவு. பள்ளிக்கூடத்துலகூட நான் பெயிலாக இவ்ளோ பாடுபட்டதில்லீங்க. அப்பல்லாம் அது தானா நடந்துச்சு.

என் பேரு மாதவராஜ். காரிமங்கலத்துப் பக்கம் புளி மூட்டைய குளுகுளுன்னு வெச்சிருக்கற ஒரு குடோன்ல சாஃப்ட்வேர் ஆளு. எந்த விவசாயி மூட்டை எந்த வரிசைல இருக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லணும். கம்ப்யூட்டருக்கு நான் சொல்லணும். மத்தியானம் வூட்டுக்கு வந்து களி தின்னுட்டு ஒரு தூக்கம். ராஜ வாழ்க்கை.

என் சம்சாரம் கலைமதிக்குத்தான் இது பொறுக்கல. பெரிய கம்பெனிக்குப் போங்கன்னு அவ தொரத்துனதுல, நாலு இண்டர்வியூ போனேன். நாலும் ஊத்திக்கிச்சு. அஞ்சாவதா ஒரு பெங்களூர் கம்பெனிய அவளே புடிச்சா. வீடியோ கால்ல இண்டர்வியூ.

"கெடச்சா பெங்களூர்ல குடித்தனம் மாமா. எங்கண்ணன் வூட்டுக்குக் கீழ போர்ஷன் காலியா இருக்குதாம்."

களி தொண்டையிலயே நின்னுருச்சு.

அவங்கண்ணன் அருள்குமாரும் சாஃப்ட்வேர்தான். ஆனா அவரு மனுசன் இல்லீங்க, அலாரம். தீபாவளிக்கு ரெண்டு நாள் தங்குனாரு. விடிஞ்சும் விடியாம என் போர்வைய உருவி, "மாப்ள, ஓடலாம் வாங்க"ன்னாரு. ஏரிக்கரை வரைக்கும் ஓடுனேன். திரும்பி வந்தது டவுன் பஸ்ல. அந்த ஆளுக்குக் கீழ ஆயுசு பூரா குடியிருக்கறதா? அதுக்குத்தான் பெயில் திட்டம்.

இருங்க, குக்கர் விசில் அடிக்குது... நிறுத்திட்டு வந்துட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், பெயில் திட்டம். அதுல எனக்கு ஒரு சந்தேகம். மதி ஒரு மாதிரியா இருந்தா.

"படிக்கலயா மாமா?"

"அப்புறம் படிக்கறேன்."

"செரி."

செரியா? மூணு வருசத்துல அவ ஒத்த வார்த்தையோட என்னை விட்டதே கெடையாது! அன்னிக்குப் பாத்து எனக்குப் புடிச்ச மொச்சைக்கொட்டைக் கொழம்பு வேற. யாரும் கேக்கல. சமையக்கட்டுல போன்ல குசுகுசுன்னு பேச்சு. எட்டிப் பாத்தா, "வெங்காயம் உரிக்கறேன்"ங்கறா. வெங்காயத்துக்கிட்டயா போன் பேசுவாங்க?

செரி, நம்ம வேலையப் பாப்போம்னு, சாஃப்ட்வேர் ஆளுங்ககிட்ட கம்பெனிக்காரங்க என்ன எதிர்பாக்கறாங்கன்னு இருவது வீடியோ பாத்தேன். எல்லாம் தெரியும்னு அடிச்சுப் பேசணுமாம். தயங்கக் கூடாதாம். பண்ண தப்ப வாயத் தொறந்து சொல்லவே கூடாதாம். மொத்தத்தையும் அப்படியே தலைகீழா மனப்பாடம் பண்ணேன்.

இண்டர்வியூ எடுத்தது பாரதின்னு ஒரு மேடம். மதி எதுத்தாப்புல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டே என்னையே பாக்கறா.

"கிளவுட் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாத வேலை வந்தா?"

"தெரிஞ்சவங்களக் கேப்பேங்க."

மேடம் என்னமோ எழுதுனாங்க. முட்டைதான் போட்டிருப்பாங்கன்னு உள்ளுக்குள்ள ஒரே குஷி.

"நீங்க பண்ணதுலயே பெரிய தப்பு எது?"

கொலசாமியே கொண்டாந்து குடுத்த கேள்வி!

"ஒரு நாள் மொத்த லிஸ்ட்டையும் அழிச்சுட்டேங்க. ஆறாயிரம் மூட்டை. எது யாருதுன்னே தெரியல. பேக்கப்பும் கெடையாது."

"ஐயய்யோ! அப்புறம்?"

"வாசல்ல நின்னு வர்றவங்ககிட்டயெல்லாம் தப்பச் சொன்னேங்க. சென்றாயன்னு ஒரு விவசாயி, 'எம் மூட்டை எனக்குத் தெரியாதா சாமி'ன்னு சிரிச்சுட்டு, உள்ள போயி நேரா தொட்டுக் காட்டுனாரு. மூட்டை வாயத் தைக்கறப்ப வூட்டுக்கு வூடு முடிச்சு மாறும் மேடம். ஒருத்தரு ரெட்டை முடிச்சு, ஒருத்தரு செகப்புச் சேலைக் கிழிசல். ஒவ்வொருத்தரயும் காட்டச் சொல்லி பத்து நாள்ல லிஸ்ட்ட திரும்ப எழுதுனேன். இப்ப சாஃப்ட்வேர்லயே 'என்ன முடிச்சு'ன்னு ஒரு கட்டம் இருக்குது. பேக்கப்பும் தெனம் எடுக்கறேன்."

மேடம் பேனாவக் கீழ வெச்சாங்க.

"காலைலருந்து பதினோரு பேரு. ஏஐ எழுதிக் குடுத்தத ஓரக்கண்ணால பாத்துப் படிச்சாங்க. தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். தப்ப ஒத்துக்கிட்டு, மூட்டைக்காரங்ககிட்டயே போயிக் கேட்டு சரி பண்ணிருக்கீங்க. இப்படி ஆளத்தான் தேடிட்டிருக்கோம்!"

"மேடம், நான் சுத்த சோம்பேறிங்க!"

"பாத்தீங்களா, இதக்கூட மறைக்கல!"

வீடியோ கால் கட்டாச்சு. மதி மூஞ்சில ஒரு ஆச்சரியம் இல்ல. அடுத்த பூண்ட எடுத்தா.

"ஏன்டி, உனக்கு அதிர்ச்சியாவே இல்லயா?"

"எதுக்கு மாமா? அந்தக் கம்பெனில அளந்து விட்டா அவுட்டு, உள்ளதச் சொன்னா உள்ள. நாலு இண்டர்வியூலயும் வேலை வேணும்னு, தெரியாததெல்லாம் தெரியும்னு சொல்லித்தான மாட்டுனீங்க? நீங்க உண்மை பேசணும்னா, மொதல்ல அந்த வேலை வேணாம்னு உங்களுக்குத் தோணணும். அதான் அண்ணன் வூட்டுக்குக் கீழ போர்ஷன்னு ஒரு போடு போட்டேன்."

"அப்ப பெங்களூர்?"

"போகவே வேணாம். வூட்லருந்தே வேலை."

எந்திரிச்சு ஆடாத கொறைதான். அப்பத்தான் ஒண்ணு உறுத்துச்சு.

"அது செரி, அந்தக் கம்பெனில என்ன எதிர்பாக்கறாங்கன்னு உனக்கு யாரு சொன்னது?"

"அண்ணன்தான். போன மாசம் அந்தக் கம்பெனிக்குத்தான் மாறிருக்காரு. உங்ககிட்டச் சொன்னனே? மொபைலப் பாத்துக்கிட்டே 'உம்'முன்னீங்க."

ரெண்டு நாள்ல வேலைக்கான ஆர்டர் மெயில்ல வந்துச்சு. பின்னாடியே வாட்ஸ்அப்ல ஒண்ணு வந்துச்சு:

"வாழ்த்துகள் மாப்ள! திங்கக்கெழமைலருந்து தெனமும் காலைல ஆறு மணிக்கு மீட்டிங், கேமரா ஆன்ல இருக்கணும். இப்படிக்கு அருள்குமார், உங்க டீம் லீடர்."