மழைக்கோட்டுக்கு ஹெக்டர் போட்ட நிபந்தனைகள்

"இந்த மனுசன் மழைக்கோட்டுத் தெரிஞ்செடுத்து முடிக்கிறதுக்கிடையில மழைகாலமே முடிஞ்சு போயிடும்."

இப்படிச் சொன்ன பெண் யாரென்று ஹெக்டருக்குத் தெரியாது. மத்திய வீதிக் கடையொன்றில், தொங்கவிட்டிருந்த மழைக்கோட்டுகளுக்கு அந்தப் பக்கம் நின்று கடைக்காரரிடம் அலுத்துக்கொண்டாள். பக்கத்தில் அவளுடைய கணவர் ஒரு கோட்டின் கையை உள்ளும் புறமுமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கோட்டுகளுக்கு இந்தப் பக்கம் ஹெக்டர் நின்றார். மனைவி மரியமலர் கொடுத்துவிட்ட காசு கையில் இருந்தது. அவருக்கொன்று, அவளுக்கொன்று என்று இரண்டு மழைக்கோட்டு வாங்க வந்தவர்.

ஹெக்டர் காசைச் சட்டைப் பைக்குள் வைத்தார். முன்பின் தெரியாத அந்தக் கணவரை மனதுக்குள் கும்பிட்டார். வெறுங்கையோடும் நிறைந்த மனதோடும் வீட்டுக்கு நடந்தார்.

விசயம் இதுதான். ஆவணி மாதம் கிளினிக்கில் டொக்டர் ஹெக்டரின் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். பிறகு ஹெக்டரை விட்டுவிட்டு மரியமலரைப் பார்த்துப் பேசினார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நடக்கவேண்டும். இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. தை மாதம் திரும்பப் பார்ப்பேன், சீனி இறங்கவில்லை என்றால் ஊசிதான். ஊசி என்றதும் ஹெக்டர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு நடக்கத் தேவையில்லை.

அன்று தொடக்கம் மரியமலர் பின்னேரமானால் தையல் மெசினை மூடிவிட்டு வாசலில் வந்து நிற்பாள். இருவரும் உட்துறைமுக வீதியால் நடந்து போய், நடந்து வருவார்கள். போகிற வழியில் முனீப்பின் தேத்தண்ணிக் கடை இருந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணெயில் பொரித்த மீன் றோல்ஸ் பொன்னிறத்தில் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். ஹெக்டரின் கம்பனி நண்பர்கள் இனிப்புக் கட்டிப்பால் கலந்த ரின்பால் தேத்தண்ணியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். மரியமலர் எப்போதும் கடைப் பக்கமாக நடப்பாள். ஹெக்டரைக் கடல் பக்கமாக விடுவாள். திருகோணமலைத் துறைமுகத்தை இவ்வளவு நெருக்கமாகவும் இவ்வளவு வெறுப்போடும் பார்த்த மனிதர் வேறு இருக்க முடியாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. வானம் கறுத்ததைக் கண்டு ஹெக்டர் பட்ட சந்தோசத்தைக் கிண்ணியா வயற்காரர்கள்கூடப் பட்டிருக்கமாட்டார்கள். நடை நின்றது. மழை கொஞ்சம் ஓய்ந்தால், "ஒருக்காச் சந்திமட்டும் போட்டு வாறன்" என்று குடையோடு கிளம்புவார். அவருடைய சந்தி முனீப்பின் கடையில் இருந்தது. இரண்டு றோல்ஸ், ஒரு ரின்பால் தேத்தண்ணி. வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

ஒரு கிழமை பொறுத்த மரியமலர், "மழையெண்டாச் சீனி வருத்தம் லீவு எடுக்குமே?" என்று கேட்டாள். அடுத்த நாள் காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினாள். அங்கேதான் ஹெக்டரின் காதில் அந்த வார்த்தை விழுந்தது.

ஹெக்டருக்கு இந்தக் கலை புதிதல்ல. கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கம்பனியொன்றில் அவர் கொள்வனவுப் பகுதி. ஒரு பொருளை வாங்காமல் இருப்பதற்குச் சிறந்த வழி, அதை மிகச் சரியாக வாங்க முயல்வதே என்பது அவருடைய இருபது வருட அனுபவம். கயிறு வேண்டும் என்று ஒருவர் கேட்டால், இல்லை என்று ஒருபோதும் சொல்லமாட்டார். எந்தத் தடிப்பு, எந்த நிறம், எத்தனை இழை, எந்த நாட்டுக் கயிறு என்று கேட்பார். கேட்டவர் தூக்கில் தொங்கக்கூடக் கயிறு வேண்டாம் என்று போய்விடுவார்.

"வெறுங்கையோட வாறியள்?" என்றாள் மரியமலர். கிறிஸ்மஸ் வரப்போவதால் நத்தார் தையல் மலைபோலக் குவிந்திருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

ஹெக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மழைக்கோட்டு எண்டா என்ன விளையாட்டே மலர்? ஆராய்ஞ்சு வாங்கவேணும்."

"நனையாம இருந்தாச் சரிதானே?"

"அப்பிடித்தான் எல்லாரும் வாங்கிப்போட்டு அழுகிறது. முதல்ல விலை. எங்களால தாங்கக்கூடியதா இருக்கவேணும்."

"ஓம்."

"விலை குறைஞ்சதெண்டு தரம் குறையக் கூடாது."

"ஓம்."

"பாரம் இருக்கக் கூடாது. மழை விட்டா மடிச்சுக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைக்கவேணும். நடக்கிற மனுசன் கோட்டைக் காவிக்கொண்டு திரிய ஏலாது."

"சரி."

"உள்ளுக்கு வேர்க்கக் கூடாது. மழையில நனையிறதும் வேர்வையில நனையிறதும் ஒண்டெண்டா, பிறகேன் கோட்டு?"

மரியமலர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தையலை விட்டிட்டியள்."

"என்ன தையல்?"

"ஊசி போன ஓட்டையால தண்ணி வரும். கனக்கக் கோட்டு ஒழுகிறது அதாலதான்."

ஹெக்டருக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. வலிய வந்து உதவுகிறாள்!

"கெட்டிக்காரி! அதையும் சேர்ப்பம். தையலால ஒரு சொட்டு வரக்கூடாது."

"வேற?"

இந்த 'வேற' என்ற கேள்விதான் மனிதரைக் கெடுத்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நல்லாய்ப் போகிற கதையை நிறுத்த யாருக்கு மனம் வரும்?

"தூரத்திலயே தெரியவேணும்," என்றார் ஹெக்டர். "மழை இருட்டில லொறிக்காரன் அடிச்சுப்போட்டுப் போனா ஆர் பதில் சொல்லுறது? றோட்டில நிக்கிற எல்லாருக்கும் 'அந்தா ஹெக்டர் போறார்' எண்டு தெரியவேணும்."

"எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

"இவ்வளவும் இருந்தா மழையிலயும் நடப்பியளோ?"

"மாதாவாணை நடப்பன்."

"அப்ப போய்ப் பாருங்கோ," என்று மரியமலர் மெசினை மிதிக்கத் தொடங்கினாள்.

ஹெக்டரின் பொற்காலம் பிறந்தது. ஒவ்வொரு பின்னேரமும் குடையை எடுத்துக்கொண்டு, "கோட்டுப் பாத்துக்கொண்டு வாறன்" என்று நேர்மையான முகத்தோடு புறப்படுவார். ஏதாவது ஒரு கடைக்குள் தலையை நீட்டுவார். மிச்ச நேரம் முனீப்பின் கடையில். இரவுச் சாப்பாட்டில் அறிக்கை சமர்ப்பிப்பார்.

"சந்தைக்குள்ள ஒண்டு பாத்தனான். சரியான மலிவு. பொலித்தீன். கையைத் தூக்கினன், கக்கத்துக்குள்ள கிழிஞ்சு போச்சு."

"ஓ."

"மோட்டச்சைக்கிள்காரர் போடுற கோட்டு இருக்கு. கல்லு மாதிரி உறுதி, கல்லு மாதிரிப் பாரம். போட்டு நிண்டா புட்டுப் பானைக்குள்ள நிக்கிற மாதிரி."

"அப்ப சரிவராது."

"மலையேறிற வெள்ளைக்காரர் போடுறது ஒண்டும் இருக்கு. மடிச்சா ஒரு மாம்பழம் அளவு. விலையைக் கேட்டன். அந்தக் காசுக்கு மலையையே வாங்கலாம்."

"பரவாயில்ல. ஆறுதலாப் பாருங்கோ," என்பாள் மரியமலர். இவ்வளவு பொறுமையான மனைவியை ஏமாற்றுகிறோமே என்று ஹெக்டருக்குச் சில நேரம் கவலை வரும். கவலைக்கு அடுத்த நாள் மூன்றாவது றோல்ஸ் சாப்பிடுவார்.

மார்கழி பிறந்தபோது ஒரு தடங்கல். முனீப்பின் கடையில் கதை முடிந்து எழும்பும்போது மழை விட்டிருந்தது. நல்ல நிலவு. ஹெக்டர் பாட்டொன்றை முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் பார்த்தால் குடையைக் காணவில்லை. எங்கே விட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

"பஸ்ஸில விட்டிட்டன் போல," என்றார்.

"நேற்று பஸ்ஸில போனனீங்களோ?"

"அது... அநுராதபுரச் சந்திக் கடையில கோட்டுப் பாக்கப் போனனான்."

"ஐயோ பாவம்," என்றாள் மரியமலர்.

அன்று பிடித்த மழை விடவில்லை. கம்பனிக்கு வான் வண்டியில் போய், அதிலேயே வந்தார். அதன்பிறகு வீட்டுச் சிறை. மரியமலரின் குடையைக் கேட்டுப் பார்த்தார். "நான் கோயிலுக்குப் போகவேணும், பாதரிட்ட ஒரு அலுவல்" என்று அவளே எடுத்துக்கொண்டு போனாள். வரும்போது ஒரு பெரிய சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நத்தார் துணியாக்கும் என்று ஹெக்டர் நினைத்தார். அவர் யன்னலில் நின்று றோல்ஸ் இல்லாத உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உண்மையாகவே ஒரு மழைக்கோட்டு இருந்தால் நல்லது என்று பட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மரியமலர் அவருடைய கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள். மடிக்கிற குடைக்கு வருமே ஒரு துணி உறை, அது.

"இதென்ன, குடையோ?"

"இழுத்துப் பாருங்கோ."

ஹெக்டர் இழுத்தார். சிவப்பு வந்தது. மஞ்சள் வந்தது. பச்சைக் கட்டம், ஊதாப் பூ, நீலக் கோடு எல்லாம் வந்தன. கடைசியாக ஒரு கறுப்புத் தொப்பி வந்தது. விரித்துப் பிடித்தால் முழங்காலுக்குக் கீழே வரும் முழுக் கோட்டு.

"கோயில்ல சனம் விட்டுட்டுப் போன குடையள்," என்றாள் மரியமலர். "கம்பி முறிஞ்சது, பிடி கழண்டது. ஆரும் தேடி வரேல்ல எண்டு பாதர் அறைக்குள்ள குவிச்சு வச்சிருந்தவர். கொண்டு போனாப் போதும் எண்டார். விலை தாங்குமோ?"

"தாங்கும்," என்றார் ஹெக்டர்.

"குடைத் துணி. பாரமில்ல. உறைக்குள்ள போட்டா உங்கட பொக்கற்றுக்குள்ள போகும். கக்கத்துக்குள்ள காத்துப் போக ஓட்டை விட்டு மேலால மூடித் தைச்சிருக்கு, வேர்க்காது. தையல் எல்லாத்துக்கும் கோயில் மெழுகுதிரித் துண்டால பூசியிருக்கு. வாங்கோ."

பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கூரைப் பீலித் தண்ணி கொட்டுகிற இடத்தில் நிறுத்தினாள். தான் தாழ்வாரத்தில் நின்று அருள்நிறை மந்திரத்தைப் பத்துத் தரம் ஆறுதலாகச் சொன்னாள். ஹெக்டர் மனதுக்குள் வேறொன்றைச் செபித்தார். ஒரு சொட்டாவது ஒழுகவேண்டும் என்று. ஒழுகவில்லை.

"தூரத்துக்குத் தெரியுமோ எண்டு நீங்களே சொல்லுங்கோ," என்றாள்.

சொல்ல என்ன இருக்கிறது? கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் நிற்பவருக்கும் தெரியும்.

"ஒண்டுதானே இருக்கு," என்று கடைசித் துரும்பைப் பிடித்தார் ஹெக்டர். "உமக்கு?"

"நத்தார் தையல் கிடக்கு. நான் வரேல்ல. நீங்கள் தனியப் போட்டு வாங்கோ."

தனிய! ஹெக்டரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதை மறைக்கத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, சொன்ன சொல் தவறாத மனிதராக மழைக்குள் இறங்கினார்.

வீதி வளைவு திரும்பவில்லை, குணரத்தினம் மாஸ்ரர் தன்னுடைய கேற்றடியில் நின்று கூப்பிட்டார்.

"ஹெக்டர்! நில்லும், நில்லும். திரும்பும் பாப்பம். உந்த முதுகு என்ர குடையெல்லோ!"

"அப்பிடியோ மாஸ்ரர்."

"பெரிய வெள்ளியண்டு கோயில்ல விட்டது. நடவும், நடவும். நான் நடந்த காலத்திலயும் அது இவ்வளவு தூரம் நடக்கேல்ல. திரும்பி வரேக்கயும் இதாலதானே வருவீர்?"

"ஓம் மாஸ்ரர்."

"பாத்துக்கொண்டு நிப்பன்."

மருந்துக்கடை நதீஷா வெளியே ஓடிவந்தாள். "அங்கிள், இடது கை எங்கட அம்மான்ர குடை! ஒரு படம் எடுக்கட்டே? அம்மாவுக்கு அனுப்ப." எடுத்தாள். அனுப்பினாள். அடுத்த சந்தியில் அம்மா காத்து நின்று இடது கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மலர் கெட்டிக்காரி. இனி ஒவ்வொரு நாளும் வருவியள்தானே?" என்று கேட்டாள். பஸ்காரன் கோர்ன் அடித்துக் கையைக் காட்டினான். லொறிக்காரன் வேகத்தைக் குறைத்து, தள்ளிப் போனான். மதிலோரம் ஒதுங்கி நின்ற, திருகோணமலை வீதிகளில் மாடுபோலத் திரியும் மான்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

ஹெக்டர் குனிந்த தலையோடு விறுவிறென்று நடந்தார். கிளினிக் டொக்டர் கண்டிருந்தால் மெச்சியிருப்பார். கடைசியில் கடல் தெரிந்தது, முனீப்பின் கடையும் தெரிந்தது. ஒரே பாய்ச்சலில் உள்ளே போய், மூலைக் கதிரையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நாலு நாள் பசி.

"முனீப், ரெண்டு றோல்ஸ், ஒரு ரின்பால் தேத்தண்ணி. கெதியா."

முனீப் கோட்டைச் சுற்றி வந்து பார்த்தார். தொப்பியில் கை வைத்தார்.

"இது உங்கட கறுப்புக் குடைதானே, அண்ணன்?"

"அது பஸ்ஸில துலைஞ்சது."

"எந்த பஸ்? இந்தா, இந்த ஆணியிலதான் தொங்கினது. செவ்வாய்க்கிழமை காலையில அக்கா வந்து எடுத்துக்கொண்டு போனவ. தன்னுடைய தையல் ஒட்டு அதில இருக்குதாம், றோட்டில போகக்குள்ளயே தெரிஞ்சதாம்."

ஹெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துப் பார்த்தார். ஓரத்தில் போன வருடம் மரியமலர் போட்ட சின்ன ஒட்டு இருந்தது.

"ஒரு றோல்ஸும் வாங்கித் திண்டவ," என்றார் முனீப். "நல்லா இருக்கு, இவர் வாறதில பிழை சொல்ல ஏலாது எண்டவ."

"வேற என்ன சொன்னவ?"

முனீப் கண்ணாடிப் பெட்டியைப் பூட்டினார். சீனிப் போத்தலை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். ஒரு வெறுந்தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து ஹெக்டரின் முன்னால் வைத்தார்.