சிவப்பு ஸ்டிக்கர்

சோம்பேறி செய்யும் தவறு பாதி வழியில் படுத்துவிடும். ஒழுங்கான ஆள் செய்யும் தவறு கடைசிவரை போய்ச் சேரும். என்னுடையது ஆட்டோகிளேவ் வரை போனது.

லைப்சிக்கில் ஓர் ஆய்வகத்தில் யுபிக்விட்டின் பற்றி ஆராய்கிறேன். அது ஒரு சிறு புரதம். செல்லுக்குள் வேண்டாத புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டப்பட்ட புரதம் செல்லின் அரைவை இயந்திரத்துக்குள் போய்த் துண்டு துண்டாகும். ஒட்டியதைப் பிய்த்தெடுக்கும் நொதிகளும் உண்டு. அவை முந்திக்கொண்டால் புரதம் பிழைத்தது. (இதை விளக்கினால் என் மனைவி லதா, "இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்பாள்.)

எங்கள் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் யாருடையவை என்றே தெரியாத பெட்டிகள் நிறைந்து கிடந்தன. அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. (வரவில்லை, கேட்டு வாங்கினேன்.) விதியும் நானே வகுத்தேன். பெயர் இல்லாத பெட்டிக்குச் சிவப்பு ஸ்டிக்கர். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உரியவர் வந்து எடுக்காவிட்டால் குப்பை. யாருக்கும் விலக்கு கிடையாது.

வியாழக்கிழமை எல்லோரும் சூழ்ந்து நிற்க, தடித்த கையுறையோடு பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்றில் பனி அப்பியிருந்தது. பெயர் இல்லை. அதை உயர்த்திப் பிடித்து, இப்படிப்பட்டவர்கள் விஞ்ஞானத்துக்கே வரக் கூடாது என்று ஜெர்மனில் ஓர் உரை ஆற்றினேன். பிறகு ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினேன். எந்தக் குளிரிலும் உதிராத ரகம், நானே தேடி வாங்கியது.

வெள்ளி பிற்பகல், குப்பைப் பைகள் கீழே போன பிறகு, காலியான ஃப்ரீசர் தட்டைத் துடைத்தேன். பனியில் சிக்கியிருந்த ஒரு பெயர்ச்சீட்டு கையோடு வந்தது. என் கையெழுத்து. என் பெயர். அதன் கீழே மதுராவின் பெயர்.

மதுரா எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்பவள். கொலோனில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. ஆய்வேட்டின் கடைசிப் பகுதிக்கான மாதிரிகள் அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தன. "என்கிட்ட குடு, பத்திரமா இருக்கும்" என்று வாங்கி வைத்தவன் நான். திரும்பச் செய்ய அவளுக்கு அவகாசமே இல்லை.

ஓடினேன். (ஆய்வகத்தில் ஓடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியவனும் நானே.) கீழ்த்தளத்தில் ஆட்டோகிளேவ் உறுமிக்கொண்டிருந்தது. ஆய்வகக் குப்பையை நீராவியில் வேகவைக்கும் ராட்சத பிரஷர் குக்கர் அது. வெப்பநிலை ஏறிக்கொண்டே இருந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். உறுமல் அடங்கியது, கதவு திறக்கவில்லை. உள்ளே அழுத்தம் இறங்கும்வரை திறக்காது. அந்தக் கதவில் தலையை முட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. சுடும் என்பதால் முட்டவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். மதுரா.

"என்னண்ணை, இப்பிடி வேர்த்துக் கிடக்கு? சுகமில்லையோ?"

"மதுரா, முதல்ல உட்காரு."

"இஞ்ச எங்க இருக்கிறது? சொல்லுங்கோ."

"உன் சாம்பிள் பாக்ஸ் உள்ளே வெந்துக்கிட்டு இருக்கு. நான்தான் ஸ்டிக்கர் ஒட்டினேன். ப்ரொஃபசர்கிட்ட நானே பேசறேன். உனக்கு எக்ஸ்டென்ஷன் கேட்கறேன். கால்ல விழணும்னாலும் விழறேன்."

அவள் முகம் சிவந்தது. உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, அது வெறும் பெட்டி."

"என்னது?"

"நேற்று நீங்கள் தூக்கிப் பிடிக்கேக்கயே தெரியும், மூலை உடைஞ்ச உங்கட பெட்டியெண்டு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடிச் சொல்லுறது? விஞ்ஞானத்துக்கு வரக் கூடாத ஆள் நீங்கள்தான் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்ல ஏலுமே? நீங்கள் போனாப்பிறகு டியூப் எல்லாத்தையும் எடுத்து மற்ற ஃப்ரீசருக்க வைச்சிட்டன். ஸ்டிக்கரையும் பிய்ச்சுப் பாத்தன். வரேல்லை. நல்லாத்தான் ஒட்டியிருக்கிறியள்."

ஒருவழியாகக் கதவு திறந்தபோது என் பெட்டி வாட்டிய அப்பளம் போல் வளைந்து கிடந்தது. ஸ்டிக்கர் மட்டும் அசையவில்லை.

இங்கே முனைவர் பட்டம் பெறுபவருக்கு ஆய்வகத்தார் ஒரு தொப்பி செய்து சூட்டுவார்கள். ஆய்வுக்கால நினைவுகளையெல்லாம் அதன் மேல் ஒட்டிவைப்பார்கள். மதுராவின் தொப்பி உச்சியில் இருந்தது அந்தப் பெட்டி. விருந்துக்கு வந்திருந்த லதா அது என்னவென்று விசாரித்தாள். மதுரா என் உரையையும் சேர்த்து நடித்தே காட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டு ஃப்ரிட்ஜை நான் தொடக் கூடாது. போன வாரம் டிராமில் எனக்குப் பின்னால் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆய்வகம் போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகில் சிவப்பு ஸ்டிக்கர். லதாவுக்குப் போன் செய்தேன்.

"வெள்ளிக்கிழமை மதியம்வரைக்கும் டைம் இருக்கு" என்றாள். "யாராவது வந்து எடுத்துக்கறாங்களான்னு பார்ப்போம்."