எட்டு ஐம்பதுக்கு வந்துவிட்ட வண்டி

காலத்தை வென்றவர்கள் என்று மன்னர்களையும் ஞானிகளையும் இன்னும் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை என்பதே அவர்கள் தோற்றதற்குப் போதிய ஆதாரம். காலத்தை நிஜமாகவே மடக்கிப் பிடித்துக் கோப்பில் வைத்துக் கட்டிய பெருமை ரயில்வே இலாகாவின் 'நேர ஒழுங்குப் பிரிவு' ஒன்றையே சாரும். அந்தப் பிரிவு தொடங்கிய நாள் முதல் ஒரு வண்டிகூடத் தாமதமாக வந்ததில்லை.

சாதித்த விதம் கேட்கக் கேட்க இனிக்கும். வண்டிகள் ஏன் தாமதமாகின்றன என்று ஆராயப் பதினோரு அதிகாரிகள் கூடினார்கள். கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும் என்பதால் பதினோரு பேரும் காரில் வந்தார்கள். மூன்று சுற்றுத் தேநீருக்குப் பிறகு கோளாறு பிடிபட்டது. வண்டிகள் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன, அவை எப்போது வந்ததாக எழுதுவது என்பதற்குத்தான் விதி இல்லை! அன்றே சுற்றறிக்கை பறந்தது. எஞ்சினிலிருந்து பார்த்தால் ஸ்டேஷன் தெரிகிறது என்றால் வண்டி வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் நிற்கும் வண்டிக்குப் பச்சைக்கொடி காட்டியாகிவிட்டது என்றால் அது போய்விட்டது.

இந்த மகத்தான சாதனையைத் தினமும் உட்கார்ந்தபடியே அனுபவித்தவர்களில் ஒருவர் லென்ஸ்காரர். மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில் லென்ஸை விளக்கில் தூக்கிப் பிடித்து, கீறல் இருந்தால் ஒதுக்கும் வேலை. பதினாறு வருஷ சர்வீஸ். அவர் சம்பளத்தை நம்பி வீட்டில் மனைவியும் படிக்கிற இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

அவருடைய காலை வண்டி சரியாக எட்டு ஐம்பதுக்கு வந்து சேரும். அதாவது, ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னல் கம்பத்தருகே வந்து நிற்கும். பிளாட்பாரத்தில், எட்டே முக்காலுக்கே போய்விட்ட வண்டி அசையாமல் நின்றுகொண்டிருக்கும். போய்விட்ட வண்டி போனால்தானே வந்துவிட்ட வண்டி வர முடியும்? அதற்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆகும்.

இந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் லென்ஸ்காரருக்குக் கிடைத்த காட்சி வேறு எந்தப் பயணிக்கும் கிடைக்காதது. சிக்னலுக்கு நேர் எதிரே, ஒரு வாய்க்காலுக்கு அப்பால், அவருடைய கம்பெனி. மூன்றாம் மாடி ஜன்னலில் மேனேஜர் கையில் டீயுடன் நிற்பார். இவர் கும்பிடுவார், அவர் கையாட்டுவார். மேனேஜருக்குப் பின்னால் தன்னுடைய நாற்காலி காலியாக இருப்பதைக்கூட லென்ஸ்காரர் பார்க்கலாம்.

இப்படி இருக்கையில் மேனேஜர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் 'நேர ஒழுக்கத் திட்டம்' என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒன்பது மணிக்குப் பிறகு வருபவர் தாமதத்துக்குச் சான்று காட்ட வேண்டும். சான்றில்லாமல் மூன்று தாமதம் ஆனால் சீட்டுக் கிழிந்தது. திட்டம் திங்கட்கிழமை அமலுக்கு வந்தது. திங்கட்கிழமையே லென்ஸ்காரருக்கு முதல் தாமதம் விழுந்தது.

"சார், நீங்கதான் ஜன்னல்லேருந்து என்னைப் பார்த்தீங்களே. கைகூட ஆட்டினீங்களே" என்றார் லென்ஸ்காரர்.

"ஆட்டினேன். மனுஷனா ஆட்டினேன். மேனேஜரா நான் எதையும் பார்க்கல" என்றார் மேனேஜர். "கண்ணால பார்த்ததெல்லாம் ஆதாரமாயிடுமா? வண்டி அப்ப வரலைன்னு ரயில்வேகிட்டேருந்து ஒரு காகிதம் வாங்கிட்டு வாங்க, போதும்."

ஜனங்கள் கண்ணால் பார்ப்பதை நம்பியே ஐம்பது வருஷமாகப் பிழைத்துவரும் கம்பெனியின் மேனேஜர் இதைச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை வண்டியிலிருந்து இறங்கியதும் லென்ஸ்காரர் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடினார். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். நாற்காலி போடச் சொல்லிவிட்டு, பெரிய பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினார்.

"எட்டு ஐம்பது. பாருங்க, ஒரு நிமிஷம் பிசகல."

"இப்ப மணி ஒன்பது இருபத்தெட்டு சார். இப்பதான் இறங்கி வர்றேன்."

"வண்டி வந்தப்புறம் அவ்வளவு நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தீங்களா? எதுக்கு?"

"இறங்க விடலையே சார். ஸ்டேஷன் வராம இறங்கினா குற்றம்னு கதவுக்குக் கதவு எழுதிப் போட்டிருக்கே."

"கரெக்ட். இறங்கவே கூடாது."

"அப்ப வண்டி வரலைன்னுதானே சார் அர்த்தம்?"

"வண்டி வந்துடுச்சுங்க. ஸ்டேஷன்தான் வரல." ஸ்டேஷன் மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "ஸ்டேஷன் தாமதமா வந்ததுக்குச் சான்று கொடுக்க எங்ககிட்ட ஃபாரம் இல்ல. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

அன்று இரண்டாவது தாமதம் விழுந்தது.

"பஸ்ல போய்ப் பாருங்களேன்" என்றாள் மனைவி சாயங்காலம்.

"இவ்வளவு ஒழுங்கா ரயில் வர்ற ஊருக்கு பஸ் எதுக்குன்னு போன மாசமே நிறுத்திட்டாங்க."

"அதுக்கு முந்தின வண்டி?"

"அது வழக்கமா லேட்டா வந்து சராசரியைக் கெடுத்துச்சாம். தூக்கிட்டாங்க."

மனைவி பெரிய பெண்ணின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நின்றது. "அப்ப நாளைக்கு என்னங்க பண்ணப்போறீங்க?"

லென்ஸ்காரர் எழுந்து போய்ச் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

புதன்கிழமை வண்டி எட்டு ஐம்பதுக்கு வந்து சேர்ந்து சிக்னலில் நின்றது. எதிர் இருக்கையில், யாருக்கும் விட்டுக்கொடுக்காத தம் இடத்தில் 'ஜன்னலோரம்' என்பவர் செய்தித்தாளை விரித்திருந்தார். தினமும் அந்த ஒரே இடத்தில் உட்கார்வதால் சக பயணிகள் அவருக்குச் சூட்டிய பெயர் அது.

"ஏன் இப்படித் தவிக்கிறீங்க? நாமதான் வந்துட்டோமே" என்றார் ஜன்னலோரம், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லென்ஸ்காரர் வெளியே பார்த்தார். மூன்றாம் மாடியில் மேனேஜர் நின்றிருந்தார். இன்று கையாட்டவில்லை. தம் கைக்கடிகாரத்தை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார்.

மணி எட்டு ஐம்பத்து நாலு. வாய்க்காலைத் தாண்டினால் நாலே நிமிஷம். அவர் பையை மார்போடு கட்டிக்கொண்டு கதவருகே போனார். கடவுளே என்று குதித்தார். வரிசையில் ஒருவரை முந்தி நிற்கக்கூடத் துணியாத மனிதர்!

வாய்க்கால் கரையில் தண்டவாளக் காவலர் காத்திருந்து அவரைக் கையும் களவுமாகப் பிடித்தார். பிடித்ததோடு விடவில்லை, கல்லில் உட்கார வைத்து மூன்று பிரதி ஃபாரத்தை எடுத்தார். காவலருக்கு அழகான கையெழுத்து. அழகான கையெழுத்துக்காரர்கள் அவசரப்படுவதில்லை.

"எந்த இடத்துல இறங்குனீங்க?"

"இங்கதான். ஐயா, கொஞ்சம் சீக்கிரம்..."

"இங்கன்னு ஒரு ஸ்டேஷன் கிடையாதே சார். விவரமா எழுதலேன்னா மேலே கேள்வி கேப்பாங்க." காவலர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "'காலை எட்டு ஐம்பத்து நாலு மணிக்கு, நிலையத்துக்கு இன்னும் வந்து சேராத வண்டியிலிருந்து...'"

லென்ஸ்காரர் துள்ளி எழுந்தார். "என்ன எழுதினீங்க? இன்னொரு தடவை படிங்க!"

"ஏன், எழுத்துப் பிழையா?"

"பிழையே இல்லைங்க! தங்கமான வாசகம். கொஞ்சம் அழுத்தி எழுதுங்க, கார்பன்ல நல்லா விழணும். சீல் வைப்பீங்களா?"

"குற்றத்துக்கு சீல் இல்லாமலா?"

'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தில் லென்ஸ்காரர் பரிசு வாங்குகிறவரைப் போலச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மூன்றாவது பிரதியில் சீல் விழும்போது வண்டி அவர்களைக் கடந்து ஸ்டேஷனுக்குள் போனது. மணி ஒன்பது இருபத்தைந்து. ஜன்னலோரம் தாளை மடித்து வைத்துவிட்டு அவருக்குக் கையாட்டினார்.

லென்ஸ்காரர் கொண்டுவந்து நீட்டிய பிரதியை மேனேஜர் விளக்கில் தூக்கிப் பிடித்துக் கீறல் தேடினார். இல்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! எட்டு ஐம்பத்து நாலுக்கு வண்டி இன்னும் வரல. ரயில்வேயே எழுதி, சீல் வெச்சுக் கொடுத்திருக்கு. இதைத்தானே கேட்டேன்? வண்டி தினமும் இப்படித்தான்னு தெரியுது. உங்க மூணு தாமதமும் ரத்து."

லென்ஸ்காரருக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. பெண்களுக்கு இன்று ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தார்.

மேனேஜர் திட்டத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "ஆனா பாருங்க, குற்றம் செஞ்சதா எழுத்துமூலமா ஒப்புக்கொண்டவங்க யாரும் இங்க வேலையில இருக்கக் கூடாதுன்னும் இருக்கு. கீழே உங்க கையெழுத்துதானே இது?"

"சார்! நீங்கதானே சார் வாட்சைத் தட்டித் தட்டிக் காட்டினீங்க!"

"மனுஷனாத் தட்டினேன்" என்றார் மேனேஜர் வருத்தத்தோடு.

காகிதம் கோப்புக்குத் தேவை என்று அவரே வைத்துக்கொண்டார். ஆனாலும் கல்நெஞ்சக்காரர் இல்லை. பணிச் சான்றிதழில், 'இவர் பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் தக்க காரணமின்றித் தாமதமாக வந்ததில்லை' என்று தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார்.

லென்ஸ்காரர் பகல் வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார். கதவைத் திறந்த மனைவியின் முகம் ஆச்சரியத்தில் விரிந்தது. "அட, இன்னைக்கு வண்டி சீக்கிரமே வந்துடுச்சா?" அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

அந்த வருஷம் நேர ஒழுங்குப் பிரிவுக்கு முதல் பரிசு கிடைத்தது. நூற்றுக்கு நூறு. பரிசுக் குழு லட்சத்து இருபதாயிரம் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, எட்டு ஐம்பது வண்டி ஒரு நாளும் தாமதிக்கவில்லை என்று உறுதி செய்தது. காவலரின் அழகான கையெழுத்தில் இருந்த அந்தப் பிரதி அவர்கள் கையில் சிக்கவில்லை. அது குற்றங்களுக்கான வேறு அலமாரியில் இருந்தது. அந்த வருஷம் முழுவதிலும் ரயில்வே இலாகா ஒரே ஒரு முறைதான் உண்மையை எழுதியிருந்தது. அதையும் ஒரு மனிதர் செய்த குற்றமாகத்தான் எழுதியிருந்தது.